சுண்ணாம்பு தொட்ட கம்பு

யுத்த காலத்தில், பந்தல்குடித் திருவிழாவில் நானும் ஒருமுறை சிலம்பம் ஆடினேன். எதிராளியின் கம்பைக் கீழே விழவைத்தால் வெற்றி என்பது எங்கள் ஊர் முறை. என் எதிரில் நின்றவர் வீரசோழன் ஊரிலிருந்து வந்த தையல்காரர். கம்பு நுனியைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டு வந்தார். எதற்கென்று கேட்டிருக்கலாம். கேட்பது என் மீசைக்குக் குறைச்சல் என்று நினைத்தேன்.

அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் அவர் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டேன். கம்பு விழுந்தது. ஜெயித்துவிட்டதாகக் குதித்தேன். கூட்டம் சிரித்தது.

“ஏலே, ஒன் மேலப் பாருலே!” என்றான் என் மச்சான்.

நெஞ்சிலும் விலாவிலும் வெள்ளைப் பொட்டுகள். தொண்டைக்குழியில் இருந்ததை அவன்தான் தொட்டுக் காட்டினான். கம்பு பட்டதே எனக்குத் தெரியவில்லை.

“இம்புட்டு எடத்துல அடிச்சிருக்கலாமே பாய்?” என்றேன்.

“எங்க பக்கம் தொட்டாப் போதும்ணே. அடிச்சா தோத்ததா அர்த்தம்.”

அவர் மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது.

“கை எப்படி இருக்கு?”

“பெருநாளுக்கு எட்டு நாள்தான் இருக்கு. ஊருச் சட்டை பூரா என் மெஷின்லதான் கெடக்கு,” என்று சிரிக்கப் பார்த்தார்.

விழாக்காரர்கள் எங்கள் முறைப்படி எனக்கே பரிசு என்றார்கள். மறுக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. கை நீட்டி வாங்கிக்கொண்டேன். எனக்குத்தான் கை நன்றாக இருந்ததே.