அச்சுதன் தலையில் தணல்

பாக்கியவதி பொய் சொல்ல மாட்டார். பூனா கேம்பில் ஒரு தனியார் கண் மருத்துவமனையின் முன் கவுண்ட்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற ஒருவருக்கு இது பெரிய உடல் குறைபாடு. இருந்தும் இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டார். பகையாளி என்று ஒருவர் கிடைத்ததும் இந்தக் குறையால்தான்.

பகையாளியின் பெயர் அச்சுதன். மருத்துவமனை மேனேஜர். பாலக்காட்டுக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, பளபளவென்ற வழுக்கைத் தலையோடு பூனாவில் தனியாக இருப்பவர். ஒருநாள் பில் தகராறோடு ஓர் ஆள் வந்து நின்றார். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லும்படி அச்சுதன் உள்ளேயிருந்து போன் செய்தார். பாக்கியவதி அந்த ஆளிடம் சுத்தமான இந்தியில், சாப் உள்ளே வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். அந்த ஆள் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த வாரமே பாக்கியவதியின் ஞாயிறு லீவு பறிபோனது. இனி எல்லா ஞாயிறும் டூட்டி.

ஞாயிறு போனால் சர்ச்சில் காலை ஆராதனை போயிற்று. ஆராதனை போனால் பாடகர் குழுவில் அவருடைய முன்வரிசை மைக் போயிற்று. அந்த மைக் பின்வரிசையில் நின்ற ராஜியின் கைக்குப் போனது. ராஜி பாட ஆரம்பித்தால் ஆர்கன் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொள்வார், பக்தியில் அல்ல.

பாக்கியவதிக்கு இரத்தம் கொதித்தது. பைபிளின் சங்கீதங்களில் எதிரியின் பல்லைத் தகர்க்கச் சொல்லும் இடங்களாகப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அச்சுதனுக்காக ஜெபிக்கச் சொன்னார். ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக் கூடாதென்று பெயர், பதவி, எந்த மாடி எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார்.

ஆகுர்டி தொழிற்சாலையிலிருந்து அலுத்துப்போய் வந்த கணவர் லியோனார்ட் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மன்னிச்சு விட்டுரு பாக்கியம்."

"மன்னிக்கத்தான் போறேன். அதுக்கு முன்னால அவரு கொஞ்சம் வேகட்டும்."

வேக வைக்கும் வழியை அந்தப் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாஸ்டரே காட்டிக்கொடுத்தார். பகையாளிக்குப் பசித்தால் சாப்பாடு போட வேண்டும், அது அவன் தலையில் நெருப்புத் தணலைக் குவித்த மாதிரி என்று வேதத்தில் இருப்பதாக விளக்கினார். மற்றவர்களுக்கு அதில் அன்பு தெரிந்தது. பாக்கியவதிக்குத் தணல் தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே அடுப்பு எரிந்தது. பூனாவில் சுர்மை என்கிற வஞ்சிர மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, சொந்த ஊரான நாசரேத்துப் பக்குவத்தில் குழம்பு வைத்தார். காரத்தைக் கூட்டவில்லை, கூட்டினால் அது தானே பழிவாங்கியதாகிவிடும். பக்குவமாகச் சமைத்தால் கட்டளையை நிறைவேற்றியதாகும். மதியம் டிபனை அச்சுதன் மேஜையில் வைத்துவிட்டு, கதவோரம் நின்று அவர் தலையையே பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

தினமும் சாப்பாடு போயிற்று. தினமும் தலை கவனிக்கப்பட்டது. வழுக்கைக்கு மினுமினுப்பு கூடியது, கன்னம் உருண்டது. கடைசியில் பாக்கியவதி பொறுக்கமாட்டாமல் ஞாயிறு லீவைத் திருப்பிக் கேட்டார். அச்சுதன் விரலை நக்கிக்கொண்டே, பாக்கியவதியின் தலையில் இடியை இறக்கினார்.

"ஞாயிறு நீங்க வராம எப்படி மேடம்? அன்னிக்கும் டிபன் வேணுமே. நானும் இப்ப ஞாயித்துக்கிழமை டூட்டி போட்டுக்கிட்டேன்."

தன் குழம்பே தன்னை நாற்காலியில் கட்டிப்போட்டதைப் பாக்கியவதி அன்று இரவு முழுக்க யோசித்தார். ஆண்டவர் கைவிடவில்லை. சாம்பல் புதன் வந்தது.

அன்று தொடங்கும் லெந்து நோன்புக் காலத்தில் பாக்கியவதி வீட்டில் மீன், கறி கிடையாது. மேனேஜர் மேஜைக்குக் கஞ்சியும் துவையலும் போயின. அச்சுதன் முதல் நாள் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கவுண்ட்டருக்கே இறங்கி வந்துவிட்டார்.

"இது எத்தனை நாளைக்கு மேடம்?"

"ஈஸ்டர் வரைக்கும் சார்."

அச்சுதன் முகம் வாடியது. பாக்கியவதி டோக்கன் சுருளைச் சரிசெய்துகொண்டே, ஒரு வார்த்தைகூடப் பொய் கலக்காமல் மேலே சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை லெந்துல சேராது. அன்னிக்கு மீன் உண்டு. ஆனா லெந்துல அது கோயில் முடிஞ்சு வீட்டுக்குப் போயி வைக்கிற குழம்பு. நான்தான் இங்க உக்காந்திருக்கேனே, யாரு வைப்பா?"

சாயங்காலத்துக்குள் டூட்டி சார்ட் மாறியிருந்தது.

அந்த ஞாயிறு ராஜியிடமிருந்து மைக் திரும்பியது. ஆர்கன்காரர் கண்ணைத் திறந்துகொண்டே வாசித்தார். மதியம், கோர்ப்படியில் இருக்கும் பாக்கியவதி வீட்டு வாசலில் அச்சுதன் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். லியோனார்ட் நாற்காலி இழுத்துப் போட்டு, இப்போதாவது மன்னித்துவிட்டாயா என்று மனைவியைக் கண்ணால் கேட்டார். பாக்கியவதி கொதிக்கிற சட்டியோடு வந்தார்.

மார்ச் மாத வெயில். சுடுசோறு, சுடுகுழம்பு. நாலாவது கவளத்தில் அச்சுதனின் உச்சந்தலையில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. குனிந்து சாப்பிடுகிறவரின் தலைக்குமேல், தட்டிலிருந்து எழுந்த ஆவி வளைந்து வளைந்து போயிற்று.

பாக்கியவதி நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, இன்னொரு அகப்பை ஊற்றினார்.