ஞாயிற்றுக்கிழமை அதிராத சுவர்

டெக்னிக்கல் பேப்பரை அனுப்பக் கடைசி நேரம் ஞாயிறு மாலை ஐந்து மணி. மதியம் இரண்டரைக்கு நான் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். இரண்டு மாதம் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டியவனும் நான்தான்.

கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இது என் கடைசி வருடத்தில் நடந்தது. நிர்மலா, மோகன் என்று இரண்டு மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டாக நில அதிர்வைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்தார்கள். சுரங்கம் மூடிப் பல வருடம் ஆகியும், கீழே பாறை உடைந்து மேலே வீடு அதிர்வது இங்கே நின்றபாடில்லை. நாங்கள் அதை பர்ஸ்ட் என்போம். ஊருக்குள்ளேயே மைசூர் மைன்ஸ் என்ற பகுதியில், சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று நிர்மலாவுடையது; அதன் சுவரில் சென்சாரைப் பொருத்தினோம். இரண்டு மாத டேட்டாவில், விடியற்காலையில் அடிக்கடி ஓர் அதிர்வு. மாநாட்டுக்கு அனுப்பிய பேப்பரின் சுருக்கம் தேர்வாகிவிட்டது. எங்கள் மாணவர் பேப்பர் தேர்வானது அதுதான் முதல் தடவை. முதல்வர் கல்லூரி வாசலில் பேனரே கட்டிவிட்டார்.

விடியற்காலையில் ஏன் அதிர்கிறது? இரவுக் குளிரில் பாறை சுருங்குகிறது என்று ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். அத்தனை ஆழத்தில் இரவென்ன, பகலென்ன என்று யோசிக்கவில்லை. எழுதிவிட்டுப் பெருமைப்பட்டேன் வேறு.

அந்த ஞாயிறு மதியம் லேபில் அச்சுப் பிரதியைச் சரிபார்க்கும்போது, சும்மா தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமைகளைப் பேனாவால் எழுதிப் பார்த்தேன். கை நின்றுவிட்டது.

"நிர்மலா, ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட இல்லையேம்மா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "பாறைக்கு ஏது சார் லீவு?"

"அப்பிடியே அமைஞ்சிருக்கும் சார். அனுப்பிடலாம். யாரு சார் கெழமையெல்லாம் பாக்கப் போறாங்க?" என்றான் மோகன்.

எனக்கும் அனுப்பிவிட ஆசைதான், மறைப்பானேன். அதில் என் பெயரும் இருந்தது.

"பக்கத்து வீட்ல ஜோசப் அண்ணன் கீறாரு சார். டெய்லி பெங்களூருக்குப் போய் வர்றவரு. ஞாயித்துக்கிழமதான் அவருக்கு லீவு," என்றாள் நிர்மலா மெதுவாக.

மூன்றே காலுக்கு அங்கே இருந்தோம். லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஜோசப் சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டுப் படுத்திருந்தார். அவருடைய கனமான பழைய பைக் முன்னறையில் அந்தச் சுவரை ஒட்டி நின்றது.

"இன்னா சார், வண்டி மேல கம்ப்ளெய்ண்டா?"

"இல்லீங்க. காலைல எப்படி எடுப்பீங்களோ, அப்படியே ஒரு தடவ எடுத்துக் காட்டுங்க."

"அது ரயிலுக்கு ஓடற அவசரம் சார். இப்ப வருமா?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினார். பின்சக்கரம் தொப்பென்று தரையில் விழுந்தது. ஓங்கி ஓர் உதை. சுவரில் வைத்திருந்த என் கை அதிர்ந்தது.

பக்கத்து வீட்டில் நிர்மலா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போய்ப் பார்த்தேன். பைக் அதிர்ந்ததில் திரையில் எழுந்த கோடு எங்கள் பேப்பரின் முதல் படம் போலவே அப்படியே இருந்தது.

வெளியூர்க்காரன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். முதலில் பக்கத்து வீட்டைத்தான் சந்தேகப்பட்டிருப்பான். எங்களுக்குப் பாத்திரம் ஆடினாலே காரணம் பூமிக்குக் கீழேதான். அப்படியே வளர்ந்துவிட்டோம்.

"இப்ப இன்னா சார் பண்றது?" மோகன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"பைக்கயே எழுதிடலாம் சார்," என்ற நிர்மலா ஏற்கெனவே டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் சத்தத்தையும் நில அதிர்வையும் ஒற்றை சென்சாரால் பிரிக்க முடியாது, நாங்கள் ஏமாந்தது இப்படித்தான் என்று படத்தோடு எழுதினாள். குளிர்ப் பத்தியை நானே அழித்தேன். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அனுப்பினோம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தேர்வான சுருக்கத்துக்கும் பேப்பருக்கும் பொருத்தமில்லை, நிராகரிக்கிறோம் என்று இரண்டே வரி. பேனரைக் கழற்றினார்கள். நிர்மலா லேபில் உட்கார்ந்து அழுதாள். மோகன் ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை.

சென்சாரைக் கல்லூரிக்கு மாற்றினோம். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு லேப் ஜன்னல்களெல்லாம் சடசடத்தன. திரையில் அதுவரை பார்க்காத உயரத்துக்குக் கோடு எழும்பியது. "பர்ஸ்ட்!" என்று கத்திவிட்டேன்.

நிர்மலா திரைப் பக்கமே திரும்பவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கேட்டில் வாட்ச்மேனிடம் அவள் கேட்டது மாடிவரை கேட்டது.

"அண்ணா, இப்ப இந்தப் பக்கம் லாரி எதுனா போச்சா?"

முப்பது வருடம் பாடம் எடுத்தவன் நான். அப்போதும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.