இத்ரீஸின் நாலாம் பிறை

எங்கள் துறையில் அறுபத்து மூன்று படகுகள். அத்தனைக்கும் முறை எழுதுகிற நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அது பெருமையாக இருந்தது. இப்போது தினமும் இரண்டு தடவையாவது, இதைத் தூக்கிக் கடலில் வீசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன என்று தோன்றுகிறது. பதினோராம் எண் படகு இத்ரீஸுடையது. இத்ரீஸ் என் தங்கையின் புருஷன். தங்கை போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

நாற்பது வருடமாக அவனுக்கு அந்த அலையாத்திக் காடுதான் சோறு போடுகிறது. சின்ன வயதில் வற்றத்தின்போது சேற்றில் இறங்கி ஒட்டகங்களுக்கு இலை அறுத்தான். அறுக்கக் கூடாது என்று சட்டம் வந்ததும் இறாலுக்குப் போனான். இறாலும் குறைந்தது. பிறகு எங்கள் எல்லோரையும் போலப் படகில் நாலு பலகை அடித்து, மேலே தார்ப்பாய் கட்டி, டெஹ்ரான்காரர்களையும் இஸ்ஃபஹான்காரர்களையும் ஏற்றிக்கொண்டு அதே காட்டுக்குள் போனான்.

"அறுக்கும்போதுகூட இவ்வளவு அலுக்கல மச்சான். அதப் பத்திப் பேசிப் பேசித்தான் அலுத்துப்போச்சு" என்பான்.

பேச அவனிடம் இருப்பது நாலைந்து வாக்கியம்தான். இந்த மரம் உப்புத் தண்ணியைக் குடிக்கும். உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். நம்பிக்கை இல்லையென்றால் நக்கிப் பாருங்கள். அவர்கள் நக்குவார்கள், முகம் சுளிப்பார்கள், படம் எடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு நடை என்றால் ஆறு தடவை அவனும் சிரிக்க வேண்டும்.

அந்த வருடம் நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறையும் நோன்புப் பெருநாளும் ஒன்றாக வந்து எங்கள் உயிரை வாங்கின. நோன்பை வைத்துக்கொண்டு வெயிலில் படகு ஓட்டினோம். துறையில் கார் நிறுத்த இடமில்லை. விடுமுறைக் கூட்டம்தான் எங்களுக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு. அதனால் நாங்களே கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தோம். விடுமுறையில் முறை வந்து போகாதவன் பெயரின் மேல் கோடு விழும். விடுமுறை முடிகிறவரை அவன் படகு கட்டிக் கிடக்கும். வீட்டில் மவுத்து விழுந்தால் விலக்கு உண்டு, பிரசவம் என்றால் உண்டு. வேறு எதற்கும் கிடையாது.

இத்ரீஸின் ஒரே மகள் ஷைகா. கடலுக்கு அக்கரையில் அஜ்மானில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்து வருடம் கழித்து நாலே நாள் லீவில் வந்தாள். அவள் கப்பலேறிய ஞாயிற்றுக்கிழமை அங்கே பெருநாள். இங்கே எங்களுக்குப் பிறை தெரியவில்லை, முப்பதாவது நோன்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெருநாள் உடுப்போடு, கையில் அல்வா டப்பாவோடு நேராகத் துறைக்கே வந்து இறங்கினாள்.

"வாப்பா, அங்க ஈத் ஆயிடுச்சு. வாயத் தொறங்க."

அறுபது பேர் காய்ந்த உதட்டோடு பார்த்துக்கொண்டிருந்தோம். இத்ரீஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். அவள் ஊட்ட, கண்ணை மூடிக்கொண்டு மென்று தின்றான்.

"இத்ரீஸு அஜ்மானுக்குக் குடி போயிட்டாம்பா! பாஸ்போர்ட் வேணாம், அல்வா போதும்" என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அன்று மாலையே என்னிடம் வந்தான்.

"மச்சான், ஒரு நாலு நாளு என் முறைய யாருக்காச்சும் மாத்தி விடேன். புள்ள தனியா கெடக்கு வீட்டுல."

"மாத்த முடியாதுய்யா. கோடுதான் போடணும். போடவா?"

"நீ மாமன்தானே அவளுக்கு?"

"அதனாலதான் முடியாது. தங்கச்சி புருஷனுக்குன்னு வளைச்சா நாளைக்கு அறுபத்திரெண்டு பேரும் என் வீட்டு வாசல்ல நிப்பானுங்க."

அவன் திரும்பி நடந்தான். திங்கட்கிழமை ஊர்ப் பெருநாள். தொழுகை முடிந்த கையோடு படகெடுத்தான். செவ்வாயும் அப்படித்தான். ஷைகா மீன் குழம்பு வைத்து, மெல்லிசாக ரொட்டி சுட்டு வைத்துக் காத்திருந்தால், இவன் முதல் துண்டைக் கையில் பிடித்தபடியே தூங்கி விழுந்திருக்கிறான். "மாமா, நான் வாப்பாவப் பாக்க வந்தேனா, அவர் கொறட்டையக் கேக்க வந்தேனா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நோட்டில் கை வைக்கவில்லை.

புதன்கிழமை அவள் கிளம்பும் நாள். நாலரைக்குத் துறைக்குக் கார் வந்து ஏற்றிக்கொள்ளும், அப்படியே லெங்கே துறைமுகத்தில் கப்பல். இரண்டு மணிக்குப் பதினோராம் எண்ணுக்கு முறை வந்தது. டெஹ்ரானிலிருந்து புருஷன், பெண்டாட்டி, பெண்டாட்டியின் அம்மா, மூன்று பேர். அந்தம்மா காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தாள்.

"தம்பி, காட்டுக்குள்ள முதலை கிதலை இருக்குமா?"

"இல்லீங்கம்மா. எங்களத் தவிர பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல."

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இத்ரீஸ் என்னிடம் சொன்னான்: "நாலாம் பிறைதானே, அசர் தொழுகைக்கப்புறமும் தண்ணி நிக்கும். நாலுக்கு வந்துருவேன். புள்ள வந்தா நிறுத்தி வை."

எங்களுக்குக் கடிகாரம் பிறைதான். பெருநாளிலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம். ஒரு பிறை கூடினால் தண்ணீர் வற்றுவது முக்கால் மணி நேரம் பிந்தும். மூன்றாம் பிறை என்றால் மூன்றரை மணிக்குக் கேட்கும் அசர் பாங்குக்கு முன்பே சின்ன ஓடைகளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். நாலாம் பிறை என்றால் அவசரமில்லை. அன்று மூன்றாம் பிறை. ஊருக்கெல்லாம் மூன்று. இத்ரீஸ் தன் பெருநாளை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, மகள் ஊட்டிய அந்த வாய் அல்வாவிலிருந்து எண்ணியிருந்தான். அண்ணாந்து பிறையைப் பார்க்கிற பழக்கம் உள்ளவன்தான், ஆனால் அந்த மூன்று நாளும் இருட்டுவதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டான்.

'நாலாம் பிறை' என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. அடுத்த படகுக்காரன் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான், என் கண் நோட்டில் இருந்தது. "சரி, சரி, போ" என்றேன்.

மூன்றேகாலுக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், தண்ணி போயிடுச்சு."

"எங்க இருக்கே?"

"கொக்குத் திட்டு ஓடையில. அந்தம்மா பூநாரை பாக்கணும்னாங்க. உள்ள வந்தேன். தரை தட்டிருச்சு." கழியால் சேற்றைக் குத்திப் பார்க்கிற சத்தம் கேட்டது. "இன்னைக்கு எத்தனாம் பிறை?"

"மூணு."

பின்னால் அந்தம்மாவின் குரல் கேட்டது. "தம்பி, தண்ணி எங்க போச்சு?"

"கடலுக்குத்தாம்மா" என்றான், பொறுமையாக.

இரண்டு படகுகளை அனுப்பினேன். பெரிய கால்வாய் வரைதான் அவற்றால் போக முடியும். அங்கிருந்து ஓடைக்கு முந்நூறு அடி சேறு, மரத்தின் மூச்சு வேர்கள் ஆணி அடித்த பலகை போல நீட்டிக்கொண்டு நிற்கும். இத்ரீஸ் அந்த மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராக முதுகில் தூக்கிக்கொண்டு, தொடை வரை புதைந்து புதைந்து கால்வாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தான். அந்தம்மாவின் வெள்ளைச் சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அதற்குள் மணி ஐந்து ஆகிவிட்டது.

நாலரைக்கு வந்த காரை ஷைகா ஐந்தேகால் வரை நிறுத்தி வைத்தாள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் துறையின் நுனியில் நின்று மரங்களையே பார்த்தாள். போன் போட்டாள், அவர்களைத் தூக்கும்போது சேற்றில் விழுந்து செத்த அவன் போன் எப்படி எடுக்கும்? கடைசியில் அல்வா தீர்ந்த டப்பாவை என் கையில் கொடுத்தாள். உள்ளே ரொட்டியும் பொரித்த மீனும் வைத்திருந்தாள்.

"சாப்பிடாம தூங்கிடுவாரு மாமா. நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கங்க" என்றாள். என்னை நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை.

கார் திரும்பிய தூசி அடங்குவதற்குள் இத்ரீஸ் வந்து இறங்கினான். இடுப்பு வரை சேறு, முழங்காலெல்லாம் வேர் கிழித்த ரத்தம். காரைத் தேடினான். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தான். பிறகு தேடவில்லை.

சுற்றி நின்ற ஒருத்தனும் கேலி பேசவில்லை. ஆனால் பயணிகளைத் தரை தட்ட வைத்தவனுக்கும் அதே சட்டம்தான், எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். நான் நோட்டைப் பிரித்தேன். பதினோராம் எண்ணைக் கண்டுபிடித்துப் பெயரின் மேல் கோடு போட்டேன். விடுமுறை முடிகிறவரை அவன் படகு கட்டிக் கிடக்கும். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

இத்ரீஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"இதே கோடுதானே மச்சான்?" என்றான். "ஞாயித்துக்கெழமையே போட்டிருக்கலாமே."

நான் டப்பாவைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தவன், மென்று முடிப்பதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான்.