உப்புக்குள் கிடந்த பிணம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் கற்பிட்டியில் மீனை உப்பிட்டுக் காயவைக்கும் கருவாட்டு வாடி மூன்றைத் தனியாளாக உண்டாக்கினேன்.

பிணத்தை அறுத்துத் துப்புப் பிடிக்கும் ஒரு டாக்டரைப் பற்றிய தொடரின் நான்காவது நாவலைப் பற்றி நூலக வாசகர் வட்டத்தில் பேச்சு நடந்தது. நான் எழும்பி, "உப்புக்குள்ள கிடந்த பிணத்தில புழு வைக்குமா? எழுதினவருக்குக் கருவாடு தெரியாது" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

பக்கத்திலிருந்த, முன்பின் தெரியாத டீச்சர் காதோடு கேட்டார்: "முதலாளி, கடைசி அத்தியாயம் வாசிச்சீங்களா?"

இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன், பாதியில் நின்றிருந்தேன். அதை அவர் எல்லாருக்கும் சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும்.

அவரோ எழும்பி, "முடிவை முதலாளி சொல்லாம விட்டது நல்லது. மத்தவங்களும் வாசிக்கட்டும்" என்றார்.

வீட்டில் வாசித்து முடித்தேன். "உப்பில் புழு வைக்காது, புழு வைத்த பிறகுதான் பிணத்தை உப்புக்குள் போட்டிருக்கிறான்" என்று சொல்லித்தான் டாக்டர் கொலைகாரனைப் பிடிக்கிறார். நான் வட்டத்தில் சொன்னதேதான். நான் வெளியே சொல்லாமல் அடக்கிய ஒரே பெருமை அது. இன்றைக்கு இதை எழுதுவதும் என் மானத்தைக் காத்த அந்த டீச்சருக்காகத்தான்.