எலும்பில் தெளித்த புள்ளிகள்

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் அவள். பட்டறையை மூடிய பிறகு எலும்பு ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. தானமாக வந்த தொடை எலும்புத் துண்டுகளில் வெள்ளை பூசி, அதன்மேல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகளைத் தெளிக்க வேண்டும். இயந்திரம் எலும்பை அழுத்தும்போது இரண்டு கேமராக்கள் அந்தப் புள்ளிகளைப் படமெடுக்கும். புள்ளிகள் நகர்வதை வைத்து, எலும்பு எங்கே எவ்வளவு நசுங்குகிறது என்று கணினி கணக்கிடும்.

"எலும்புக்குப் பவுடர் பூசற வேலையா?" என்று கணவன் கேலி செய்தான். கூடத்திலோ அவள் பெயரே புள்ளியக்கா ஆகிவிட்டது.

நான்கு மாதமாக எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. எலும்பு முழுதாக இருக்கும்போதே விரிசல் விட்டதாகத் திரை சிவப்புக் கோடு காட்டியது. கேமராவையே மாற்றிவிடலாமா என்று கூடத்தை நடத்தும் பேராசிரியை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புள்ளியக்கா ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"மேடம், எலும்புல விரிசல் இல்ல. மேல பூசின வெள்ளைதான் வெடிச்சிருக்கு."

"நிச்சயமாவா?"

நகத்தால் சுரண்டினாள். வெள்ளை சில்லாகப் பெயர்ந்து வந்தது. அடியில் எலும்பு வழவழவென்று இருந்தது.

"அப்போ எலும்பை நல்லா காயவெச்சு வெள்ளை அடிச்சா?"

"காஞ்சா எலும்போட குணமே மாறிடும்னு நீங்கதான சொன்னீங்க. ரெண்டு வாரம் குடுங்க. யாரும் நடுவுல வந்து நிக்கக் கூடாது."

நாற்பது துண்டுகள் வீணாயின. எலும்பில் ஊறியிருந்த கொழுப்புதான் பூச்சை ஒட்டவிடவில்லை என்று கண்டுபிடித்தாள். கேமரா பார்க்கும் முகத்தை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்தாள். மற்ற பக்கங்கள் காய்ந்துவிடாமல் ஈரத்துணியால் சுற்றிவைத்தாள். எலும்பின் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வெள்ளை அடித்தாள்.

புதிதாகப் பூசிய மூன்று துண்டுகளை இயந்திரத்தில் வைத்தார்கள். முதல் துண்டை அழுத்தியதும் திரையின் ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புத் திட்டு தோன்றியது. எலும்பில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. "உடைஞ்சா இங்கதான் உடையணும்" என்று பேராசிரியை திரையில் விரல் வைத்தார். பாரம் ஏறிக்கொண்டே போனது. டப்பென்று உடைந்தது, அதே இடத்தில். இரண்டாவதும் சொன்ன இடத்தில்தான் உடைந்தது. மூன்றாவது உடைந்தபோது, யாரையும் லேசில் பாராட்டாத பேராசிரியை எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

மறுவருடம் மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து புள்ளி தெளிக்கக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். முப்பது பேர், பாதிப்பேர் முனைவர்கள், நோட்டும் பேனாவுமாக அவள் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"அதையெல்லாம் உள்ள வைங்க," என்றாள் புள்ளியக்கா. "முதல்ல எல்லாரும் போய் எண்ணெய்ப்பசை இல்லாம கையக் கழுவிட்டு வாங்க."

முப்பது பேரும் எழுந்து போனார்கள்.