காதில் ஒட்ட முடியாத லேபிள்

தர நிர்ணய அலுவலகத்தின் லேபிள் பிரிவில் இருபத்து நான்கு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. மேலதிகாரி முதல் லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'உட்பிரிவு'தான். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட, "வேணும், ஆனா ரெண்டு நிபந்தனை" என்று ஆரம்பிக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

விதிமுறை எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தத் திறமையின் ரகசியம் அவருடைய மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரி. புது விதி வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால், போன தடவை எழுதிய விதியை அலமாரியிலிருந்து எடுப்பார். பழைய பொருளின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் புதுப் பொருளின் பெயரைப் போடுவார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருப்பார். சீக்கிரம் முடித்துவிட்டால் மரியாதை இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

அப்படித்தான் உடம்பில் அணிகிற மின்னணுச் சாதனங்களுக்கான கதிர்வீச்சு லேபிள் விதியும் பிறந்தது. கைக்கடிகாரம், மோதிரம், காதில் செருகுவது என்று ஜனங்கள் எதையெதையோ மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அவற்றிலிருந்து எவ்வளவு கதிர்வீச்சை உடம்பு வாங்கிக்கொள்கிறது என்பது லேபிளில் இருந்தாக வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. நியாயமான எண்ணம்தான். அலமாரியில் கடைசியாக இருந்தது மைக்ரோவேவ் அடுப்புக்கான விதி. உட்பிரிவு அதை எடுத்தார். 'அடுப்பு' போய் 'அணியும் சாதனம்' வந்தது. ஏழாம் விதியின் மூன்றாம் உட்பிரிவு மட்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே வந்து உட்கார்ந்தது: 'சாதனம் இயங்கும்போது, பயன்படுத்துபவர் தன் இடத்திலிருந்தபடியே படிக்கும் வகையில், அதன் மேற்பரப்பில் லேபிள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.'

குழுவில் ஒன்பது பேர். எல்லோரும் படித்தவர்கள். அந்த வரி வந்ததும் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, "இங்க ஒட்டினா நல்லாத் தெரியுமே" என்றார். மற்றவர்களும் அவரவர் மணிக்கட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மூலையில் இருந்த ஒருவர் இரண்டு காதிலும் எதையோ செருகிக்கொண்டு கூட்டம் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டினார், தாளத்துக்கோ விதிக்கோ தெரியவில்லை. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் உட்பிரிவின் பெயர் நிச்சயம் என்று சொல்லி முதுகிலும் தட்டினார்.

உட்பிரிவின் மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவர். பதினெட்டு வருடமாக அதே கண்ணாடி, அதே ஓட்டை. எதிரே நிற்பவர்கள் அந்த ஓட்டையைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்துத்தான் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். நாலைந்து வருடமாக அவருக்கு இரண்டு காதும் மந்தம். மெஷின் வைத்துக்கொண்டுதான் சமாளித்தார். போன மாதம் அந்த மெஷின் உயிரை விட்டது. வடக்கே போகவேண்டிய ஒரு குடும்பத்தைச் சாமான் செட்டோடு தெற்கே அனுப்பிவைத்த பிறகு, நிலைய மேலாளர் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். இருபதாம் தேதி செவித்திறன் பரிசோதனை. மெஷின் வைத்துக்கொண்டு வரலாம், ஆனால் தேறவேண்டும். தேறாவிட்டால் கவுண்டர் கிடையாது, பின்கட்டில் சாமான் அறைக்குப் போகவேண்டும். மூட்டைகளோடு பேசவேண்டிய அவசியமில்லை அல்லவா?

புது மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பெட்டியும் வந்து இறங்கிவிட்டது. பன்னிரண்டாம் தேதி கடைக்காரர் மெஷினுக்குப் பதிலாக ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்பினார். சரக்கைச் சோதித்த ஆய்வாளர், ஏழாம் விதி மூன்றாம் உட்பிரிவின்படி அனுமதி மறுத்திருந்தார்.

மனைவி அதை உட்பிரிவிடம் நீட்டினார். "உங்க ஆபீஸ் பேருதானே போட்டிருக்கு? காதுக்குப் பின்னாடி மாட்டறதை நானே எப்படிங்க படிக்கிறது? எந்தப் புண்ணியவான் எழுதினான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க."

உட்பிரிவு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விசாரிக்கிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டிவைத்தார்.

மறுநாள் ஆய்வாளருக்குப் போன் போட்டார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஆள். விதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற வயது.

"நானே காதுல மாட்டிப் பாத்தேன் சார். எப்படித் திரும்பினாலும் லேபிள் தெரியலை. கண்ணாடி முன்னாடி நின்னும் பாத்தேன். எழுத்து இடவலம் மாறித் தெரியுது. கண்ணாடின்னு விதியில ஒரு வார்த்தைகூட இல்லையே சார்."

"ஒரே ஒரு ஜோடியை மட்டும் விட முடியாதா தம்பி?"

"எப்படி சார்? இதை எழுதினவர் ரொம்ப யோசிச்சு, ஒரு ஓட்டைகூட இல்லாம எழுதியிருக்கார்."

வாழ்நாளில் கிடைத்த ஒரே மனமார்ந்த பாராட்டு அது. உட்பிரிவு போனை வைத்துவிட்டார்.

வழி இல்லாமலில்லை. காது கேட்கும் மெஷினுக்கு விலக்குக் கொடுத்து ஒரு திருத்தம் போட்டால் நாலு நாளில் சரியாகிவிடும். ஆனால் திருத்தக் கோப்பின் முதல் பக்கத்தில், பிழை எப்படி நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று எழுதியாகவேண்டும். அந்தப் படிவத்தை வகுத்த மகானும் உட்பிரிவுதான். பட்டியல் வெளிவரும் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் நல்லது. பட்டியலோ முதல் தேதிக்கு, பரிசோதனையோ இருபதாம் தேதிக்கு. இரண்டு நாள் இதையே கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

பதினாலாம் தேதி சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னைக்கு ஒருத்தர் என்னைச் செவிடுன்னார். அது மட்டும் நல்லாக் கேட்டுச்சுங்க" என்றார். அழவில்லை. உட்பிரிவுக்குத்தான் தாங்கவில்லை. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான்தான் எழுதினேன்" என்றார்.

"என்னங்க?"

"அந்த விதி. நான்தான்."

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. மென்னு முழுங்கினா எனக்கு எப்படிப் புரியும்?"

திரும்பிச் சொன்னார். வாயைப் பாதிதான் திறந்ததில் மனைவிக்குப் பிடிபடவில்லை. கடைசியில் உட்பிரிவு கத்தினார். "அந்த ஏழு மூணை எழுதினது நான்தான். அடுப்பு விதியைப் பாத்துக் காப்பி அடிச்சேன்."

படிக்கட்டில் இரண்டு கதவுகள் திறந்தன. "யாராம்?" என்று மாடியிலிருந்து ஒரு குரல். "அவரேதானாம். காப்பியாம்" என்று கீழ் வீட்டிலிருந்து விளக்கம் போனது.

மனைவி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு செருப்பைக் கழற்றினார். "எனக்குக் கேட்டுச்சு. உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நாளைக்கு அங்க இவ்வளவு கத்த வேண்டாம். மெதுவாச் சொன்னாலே போதும்."

அந்த ஒன்றில் மட்டும் மனைவியின் கணக்குத் தப்பிவிட்டது. மறுநாள் மேலதிகாரியின் மேசை முன்னால் நின்று உட்பிரிவு மெதுவாகத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டவர் அல்லவா, மேலதிகாரி பேனாவை மூடிவிட்டு, "என்ன சொன்னீங்க? ஒண்ணும் கேக்கலையே" என்றார். ஜன்னலுக்கு வெளியே கிளை மாறுகிற காக்கையின் சத்தம்கூடக் கேட்கிற காது அவருக்கு. இன்னொரு தடவை சொன்னதும், "எனக்கு நிஜமாவே கேக்கலை. நீங்க போய் உங்க சீட்ல உக்காருங்க" என்றார்.

உட்பிரிவு உட்காரவில்லை. முந்தின நாள் பழகிய தொண்டையில் சொன்னார். கூடம் முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றது. நாற்பது பேர் காதில் விழுந்துவிட்ட ஒன்றை ஒருவர் மட்டும் கேட்காமல் இருப்பது கஷ்டம். மேலதிகாரி பேனாவைத் திறந்தார்.

பதினெட்டாம் தேதி திருத்தம் வந்தது, மறுநாள் மெஷின் வந்தது, இருபதாம் தேதி மனைவி தேறினார். முதல் தேதி பட்டியலும் வந்தது. கூட்டம் முழுக்கப் பாட்டுக் கேட்டவரின் பெயர் அதில் மூன்றாவதாக இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். உட்பிரிவு முன்னறையில் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, யாருக்கும் இல்லாமல், "பட்டியல்ல என் பேரு இல்லை" என்றார்.

குழாய் நின்றது. "கேட்டுச்சுங்க" என்றது உள்ளேயிருந்து குரல். "இங்க வந்து உக்காருங்க."