நீக்கிய கேள்வித்தாள்

மலேசியாவின் ஈப்போ நகரில் தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநர் அவர். நரைத்த மீசை. ஒவ்வொரு பதிலுக்கும் முன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். எந்த நிறுத்தத்தைக் கைவிடலாம் என்பது என் முதுகலை ஆய்வு. ஓட்டுநர்கள் நேரம், தூரம், பாதுகாப்பு மூன்றையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு எது முக்கியம் என்று சொன்னால், அதைக் கொண்டு எடை கணக்கிடுவேன்.

நேரத்தைவிடத் தூரம் முக்கியம் என்றார், தூரத்தைவிடப் பாதுகாப்பு, பாதுகாப்பைவிட நேரம்.

"அண்ணே, சுத்திச் சுத்தி வருதே. ஒன்ன மாத்துங்க, இல்லன்னா உங்க தாளச் சேர்க்க முடியாது."

"பழைய தோட்டத்து ஸ்டாப்ல விடியுமுன்ன பொம்பளைங்க தனியா நிக்கிறாங்க. விட்டுட்டு வர முடியுமா? ஆனா லேட்டானா அவங்களுக்குத்தான் ஃபேக்டரி கேட்ட சாத்துவான். எத மாத்துறது, நீயே சொல்லு லா."

அவர் மாற்றவில்லை. விதிப்படி தாளை நீக்கினேன். அந்தத் தோட்டத்து நிறுத்தத்தைத்தான் கைவிடலாம் என்று முடிவு வந்தது. மற்ற ஓட்டுநர்களில் யாராவது அங்கே வண்டியை நிறுத்தியதுண்டா என்று நான் கேட்டிருக்கவில்லை.